ஒரே கம்பெனிக்கு ரெண்டு இஎஸ்ஜி ரேட்டிங் ரெண்டு விதமா வருது, எதை நம்பி ஆய்வு பண்றது?

ஆய்வுமேசை:
எல்லாருக்கும் வணக்கம். நான் காமர்ஸ்ல பிஎச்டி ரெண்டாவது வருஷம். கைடு குடுத்த தலைப்பு, இந்தியக் கம்பெனிகளோட இஎஸ்ஜி மதிப்பெண்ணுக்கும் லாபத்துக்கும் என்ன தொடர்புன்னு பாக்கணும். அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் இந்த மூணுலயும் நல்லா நடந்துக்கற கம்பெனி நல்லா சம்பாதிக்குதா இல்லையா. கேக்க ஈஸியா இருந்துச்சு.

ரெண்டு ஏஜென்சியோட ஸ்கோரை எடுத்து எக்ஸெல்ல பக்கத்து பக்கத்துல போட்டேன். முதல் காலத்தை, அதாவது நெடுவரிசையை, மேலருந்து கீழ வரிசைப்படுத்தினா ரெண்டாவது காலம் எங்கெங்கயோ போகுது. ஒருத்தர் ரொம்ப மேல வச்சிருக்கற கம்பெனி இன்னொருத்தர்கிட்ட கடைசி வரிசைல உக்காந்திருக்கு. ரெண்டு பட்டியலை இணைக்கற விலுக்கப் ஃபார்முலாவை தப்பா போட்டுட்டேன்னு நெனச்சு லைப்ரரி பூட்டற வரைக்கும் உக்காந்து ஒவ்வொரு வரியா கையால சரிபார்த்தேன். தப்பே இல்ல. ரேட்டிங்கே அப்படித்தான் இருக்கு. இப்ப இதுல எதை வச்சு நான் ரிக்ரஷன் (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு பாக்கற புள்ளிவிவரக் கணக்கு) ஓட்டறது? எதை எடுத்தாலும் முடிவு மாறும்ல? இந்தத் துறைல இருக்கறவங்க யாராவது வழி சொல்லுங்க.

பழைய ஆடிட்டர்:
விலுக்கப் மேல தப்பில்லம்மா, நீங்க பாத்தது இந்தத் துறைல பெரிய பிரச்சனைன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம். எம்ஐடியோட தொடர்புள்ள பெர்க், கோல்பெல், ரிகோபோன் மூணு பேரும் சேர்ந்து 2022ல ரிவ்யூ ஆஃப் ஃபைனான்ஸ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஆறு ஏஜென்சி ரேட்டிங்கை எடுத்து ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாத்தாங்க, சராசரி 0.54 தான் வந்துச்சு (1ன்னா முழுசா ஒத்துப்போகுது, 0ன்னா தொடர்பே இல்ல), ஜோடிக்கு ஜோடி 0.38லருந்து 0.71 வரைக்கும். கடன் ரேட்டிங்ல ரெண்டு பெரிய ஏஜென்சிய எடுத்தா 0.9க்கு மேல ஒத்துப்போகும், அதோட சேத்து வச்சுப் பாருங்க வித்தியாசம் புரியும்.

ஏன் ஒத்துப்போகலன்னும் பிரிச்சுப் பாத்திருக்காங்க. எதுக்கு எவ்வளவு முக்கியத்துவம்ங்கற வெயிட்டேஜ்னால வர்றது வெறும் 6 சதவீதம்தான். எந்தெந்த விஷயத்தை கணக்குல எடுக்கறாங்கங்கறதுல 38 சதவீதம். மிச்சம் 56 சதவீதம் ஒரே விஷயத்தை வேற வேற விதமா அளக்கறதுனால. உதாரணத்துக்கு தொழிலாளிய எப்படி நடத்தறாங்கன்னு ஒருத்தர் வேலைய விட்டுப் போனவங்க எண்ணிக்கைய வச்சு அளப்பார், இன்னொருத்தர் லேபர் கோர்ட்ல எத்தனை கேஸ்னு பாப்பார். ரெண்டுமே தொழிலாளி பத்தித்தான், ஆனா ரெண்டும் ஒரே நம்பரை ஏன் தரணும்?

நான் முப்பது வருஷம் கணக்கு தணிக்கை பண்ணினவன். பணத்தை அளக்க ஒரு ஸ்டாண்டர்டு வர்றதுக்கே எத்தனையோ வருஷம் ஆச்சு, அதுலயும் ஓட்டை இருந்துச்சு. சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு 2008ல கார்ப்பரேட் கவர்னன்ஸுக்குன்னு கோல்டன் பீக்காக் விருது குடுத்தாங்க. 2009 ஜனவரி 7ம் தேதி கணக்கெல்லாம் பொய்னு ஒத்துக்கிட்டு அதோட சேர்மன் ராமலிங்க ராஜுவோட லெட்டர் வந்துச்சு. அன்னைக்கு காலைல எங்க ஆபீஸ்ல ஆர்டிகிள் பசங்க எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி கூட்டமா நின்னு அந்த லெட்டரை படிச்சது இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. அடுத்து ஃபோக்ஸ்வேகன். 2015 செப்டம்பர்ல டௌ ஜோன்ஸ் சஸ்டைனபிலிட்டி இண்டெக்ஸ்ல கார் பிரிவுக்கே முதலிடம், அதே மாசம் 18ம் தேதி அமெரிக்க சுற்றுச்சூழல் துறை புகை மோசடிய வெளியிட்டுச்சு, அக்டோபர்ல லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாங்க.

மதுரை எஸ்ஐபி:
நான் மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிப்யூட்டர். படிப்பாளி இல்ல, ஆனா இந்தக் கேள்வி எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வருது. போன மாசம் ஒரு வாத்தியார் தம்பதி வந்தாங்க, ரெண்டு பேரும் ரிட்டயர்டு. அந்தம்மா கேட்ட முதல் கேள்வியே "இந்த இஎஸ்ஜி ஃபண்டுல சிகரெட்டு கம்பெனி இருக்காப்பா?". அவங்க அண்ணன் நுரையீரல் கேன்சர்ல போனவராம். நான் என்னன்னு சொல்றது? ஐடிசி சிகரெட்டும் விக்குது, ஆனா இருபது வருஷத்துக்கு மேல தண்ணி எடுக்கறதை விட அதிகமா சேமிக்கறோம்னு சொல்லிக்கற கம்பெனி, எம்எஸ்சிஐங்கற ரேட்டிங் ஏஜென்சிகிட்ட ஏஏங்கற நல்ல ரேட்டிங் வாங்கினது. ஃபேக்டரி எப்படி நடக்குதுன்னு பாத்தா நல்ல மார்க், என்ன விக்கறாங்கன்னு பாத்தா வேற மார்க். ஆடிட்டர் சார் சொன்ன அந்த 38 சதவீதம் இதுதானே?

அந்தம்மாவுக்கு ஃபண்டோட ஹோல்டிங் லிஸ்டையே பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டேன், பேனாவ வச்சு ஒவ்வொண்ணா டிக் அடிச்சு படிச்சாங்க. ரேட்டிங் எவ்வளவுன்னு கேக்கவே இல்ல.

ஆய்வுமேசை:
சார், அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன, ரேட்டிங்கே கேக்காத அந்தம்மாவுக்கு நேர் எதிரா நெறைய பேர் இருக்காங்கன்னு ஒரு ஆய்வு இருக்கு. 2016 மார்ச்ல மார்னிங்ஸ்டார் ஒவ்வொரு ஃபண்டுக்கும் உலக உருண்டை படம் போட்டு சஸ்டைனபிலிட்டி ரேட்டிங் வெளியிட்டுச்சு. அஞ்சு உருண்டை நல்லது, ஒண்ணு மோசம். ஹார்ட்ஸ்மார்க், சஸ்மன் ரெண்டு பேரும் அதுக்கப்புறம் அமெரிக்க ஃபண்டுகள்ல பணம் எங்க போச்சுன்னு பாத்தா ஒரு உருண்டை ஃபண்டுகள்ல இருந்து 1,200 கோடி டாலருக்கு மேல வெளிய போயிருக்கு, அஞ்சு உருண்டை ஃபண்டுகளுக்கு 2,400 கோடி டாலருக்கு மேல வந்திருக்கு. ஆனா அஞ்சு உருண்டை ஃபண்டு அதிக லாபம் குடுத்ததுக்கு ஆதாரம் இல்லன்னுட்டாங்க. படத்தைப் பாத்துட்டு மக்கள் காசை நகத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

லாபம் பத்தி இருக்கற இலக்கியம்தான் என்னைக் குழப்புது. 2015ல ஃப்ரீடே, புஷ், பாஸன் கிட்டத்தட்ட 2,200 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து, சுமார் 90 சதவீதத்துல இஎஸ்ஜினால நஷ்டம் இல்லன்னு சொன்னாங்க. எல்லா ஃபண்டு கம்பெனி பிரசன்டேஷன்லயும் இந்த 90 தான் வருது. ஆனா அது ஒவ்வொரு ஆய்வையும் ஒரு ஓட்டு மாதிரி எண்ணினது, எது நல்லா பண்ணின ஆய்வு எது சும்மா பண்ணினதுன்னு அந்த எண்ணிக்கைல தெரியாது. இன்னொரு பக்கம் ஹாங், கச்பர்சிக் 2009ல சாராயம், புகையிலை, சூதாட்டப் பங்குகள் மத்த பங்குகளை விட அதிகமா குடுத்திருக்குன்னு காட்டினாங்க, பென்ஷன் ஃபண்டு மாதிரி பெரிய இடங்கள் ஒதுக்கறதுனால மலிவா கிடைக்குது, அதனால வாங்கறவனுக்கு லாபம்.

கான், செராஃபீம், யூன் 2016ல ஒரு அழகான பதில் சொன்னாங்க, அந்தத் தொழிலுக்கு உண்மையிலேயே முக்கியமான விஷயத்துல மட்டும் நல்ல மார்க் வாங்கற கம்பெனிதான் நல்லா ஓடுதுன்னு. இதைப் படிச்சப்ப நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் பெர்ச்சிக்கியும் கிங்கும் 2022ல அதே டேட்டாவ எடுத்து மாடலை கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தா அந்த முடிவு நிக்கலன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் படிச்சு கடைசில இங்க வந்து நிக்கறேன்.

முத்துநகர்:
நான் தூத்துக்குடி. இவ்வளவு நேரம் சும்மா படிச்சிட்டு இருந்தேன், இப்ப ஒண்ணு சொல்லுதேன். மேல இருக்க எல்லா ஆய்வும் போட்டவனுக்கு காசு வந்துச்சா வரலையான்னுதான் கேக்கு. எங்க ஊர்ல காத்தை சுவாசிச்சவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எந்த ரிக்ரஷன்லயும் ஒரு காலம் இருக்கா?

நார்வே நாட்டோட எண்ணெய்ப் பணத்தை வச்சிருக்க அரசு ஓய்வூதிய நிதிக்கு ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அவங்க பரிந்துரைல 2007லயே ஸ்டெர்லைட்டோட தாய்க் கம்பெனி வேதாந்தாவ முதலீட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க. அந்த அறிக்கைல ஒடிசா லாஞ்சிகர், சத்தீஸ்கர் பால்கோ, மேட்டூர் மால்கோ இதோட சேத்து தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் இருக்கு. பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. 2007ல. அதுக்கப்புறமும் ஆலை ஓடிட்டுதான் இருந்துச்சு. 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு 100 கோடி ரூபா கட்டச் சொல்லிட்டு ஆலைய நடத்திக்கிடலாம்னு சொல்லிச்சு. 2018 மே 22, போராட்டத்தோட நூறாவது நாளு, கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமா போனோம். துப்பாக்கிச்சூட்டுல 13 பேரு போய்ச் சேர்ந்தாங்க. மே 28ந்தேதி ஆலைய நிரந்தரமா மூடச் சொல்லி அரசாணை வந்துச்சு. 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டும் திறக்க முடியாதுன்னு கம்பெனி மனுவ தள்ளிட்டு.

நார்வேக்காரங்க யோக்கியமா நடந்தாங்க, நான் இல்லைங்கல. ஆனா அவங்க பங்கை வித்த நாள்லருந்து எங்க ஊர் ஆலை மூடினது வரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல. அவங்க வித்ததை யாரோ வாங்கியிருப்பாங்கள்ல?

மதுரை எஸ்ஐபி:
படிச்சுட்டு கொஞ்ச நேரம் எழுத முடியல அண்ணே.

ஒரே ஒரு சந்தேகம் கேக்கறேன். அப்ப பங்கை விக்கறதுனால கம்பெனிக்கு வலிக்கவே வலிக்காதா? கிளையன்ட்கிட்ட நாங்க சொல்றதே "நல்லவங்க எல்லாம் வித்தா விலை இறங்கும், கம்பெனிக்கு பணம் திரட்ட செலவு கூடும், திருந்துவாங்க"ன்னுதான்.

பழைய ஆடிட்டர்:
அந்தக் கணக்கையும் போட்டிருக்காங்க. ஜொனாதன் பெர்க், வான் பின்ஸ்பெர்கன் ரெண்டு பேர் (முதல்ல சொன்ன பெர்க் வேற, இவர் ஸ்டான்ஃபோர்டு). இப்ப அமெரிக்காவுல இஎஸ்ஜி பேர்ல ஒதுக்கற பணத்தோட அளவுக்கு, ஒதுக்கப்பட்ட கம்பெனியோட மூலதனச் செலவு எவ்வளவு ஏறும்னு பாத்தா 0.44 பேசிஸ் பாயிண்ட். ஒரு பேசிஸ் பாயிண்ட்ன்னா சதவீதத்துல நூத்துல ஒரு பங்கு, அதுல பாதி கூட இல்ல. பத்து ரூபா வட்டிக்கு கடன் வாங்கறவன்கிட்ட இன்னும் அரைப் பைசா குடுன்னு கேட்டா அவன் தொழிலை மாத்துவானா? வித்தவங்க கூட்டம் சின்னது, வாங்க ரெடியா இருக்கற கூட்டம் பெருசு, அதான் காரணம்.

ப்ரோக்கார்டோ, ஹார்ட், ஸிங்கேல்ஸ் 2022ல எழுதினதும் கிட்டத்தட்ட இதே திசைலதான். வெளிய போறதை விட உள்ள இருந்து ஓட்டு போட்டு சண்டை போடறது பெரும்பாலும் நல்ல பலன் தரும்னு. டிம்சன் குழு 2015ல ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் 1999லருந்து 2009 வரைக்கும் 613 அமெரிக்கக் கம்பெனிகளோட பேசினதை, மொத்தம் 2,152 முயற்சி, ஒண்ணு ஒண்ணா பாத்தாங்க. நூத்துக்கு 18 தான் பலிச்சது. பலிச்ச இடத்துல பங்கும் ஏறிச்சு, பலிக்காத இடத்துல நஷ்டம் வரல.

ஆனா முத்துநகர் தம்பி, உங்க ஊர் விஷயத்துல இதையும் நேரா பொருத்த முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டுல இருக்கற கம்பெனில சின்ன பங்குதாரர் ஓட்டு போட்டு என்னத்தை மாத்தறது? வேதாந்தா ரிசோர்சஸ்ங்கற அந்தத் தாய்க் கம்பெனி 2018 அக்டோபர்ல லண்டன் சந்தையிலருந்தே வெளிய போயிடுச்சு, மிச்ச பங்கை எல்லாம் ப்ரொமோட்டர் குடும்ப டிரஸ்ட்டே வாங்கிக்கிச்சு. இப்ப வித்து வலிக்க வைக்க அங்க பங்கும் கிடையாது, ஓட்டு போட கூட்டமும் கிடையாது. அமெரிக்காவுல சிதறிக் கிடக்கற பங்குதாரர்களை வச்சு எழுதின ஆய்வை இந்தியாவுக்கு அப்படியே கொண்டு வரக்கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

முத்துநகர்:
சரிதான் சார். ஒண்ணு மட்டும் கூட்டிச் சொல்லுதேன். பங்கை வித்தது எங்களுக்கு உதவலன்னாலும் அந்த அறிக்கை உதவிச்சு. வெளிநாட்டுல ஒரு அரசாங்கத்தோட குழுவே ஊருக்குள்ள நடக்கறதை விசாரிச்சு எழுதி வச்சிருக்குன்னு நாங்க காட்ட முடிஞ்சுது, அதுக்கு முன்னாடி எங்க பேச்சை எல்லாம் வதந்திம்பாங்க. அதுல மார்க்கு கிடையாது, ஏஏ கிடையாது. எந்த வருஷம் கோர்ட்டு என்ன சொல்லிச்சு, கழிவை எங்க கொட்டுனாங்க, இதுதான். தங்கச்சி, நீங்க ஸ்கோரை விட்டுட்டு இந்த மாதிரி ஆவணத்தைப் படிச்சா என்ன?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. நான் திருப்பூருங்க, சாயப்பட்டறைல கம்ப்ளையன்ஸ் வேலை, பதினெட்டு வருசமாச்சு. ஆடிட்டர் ஐயா சொன்ன அந்த 56 சதவீதம், அளக்கறதுல வர்ற வித்தியாசம், அது எப்படி பொறக்குதுன்னு நான் கண்ணால பாத்தவனுங்க.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல வெளிநாட்டு பையர் சார்பா ஆடிட் வருதுன்னாங்க. எந்தப் பட்டறைன்னு சொல்லலீங்க. முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் ஒரு புது லாக் புக்கும் ஒரு நீல பேனாவும் குடுத்து, தண்ணி மீட்டர் ரீடிங் ஒரு மாசத்துக்கு எழுதுன்னாரு. எழுதுனேன். ஒரே ராத்திரி, ஒரே பேனா, முப்பது நாளு. அடுத்த நாளு வந்த ஆடிட்டர் பொண்ணு அந்த நோட்டை திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, பக்கத்துல விரலை வச்சு தேச்சுப் பாத்துச்சு, என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. ரிப்போர்ட்டுல ரெக்கார்டு மெயின்டெயின் பண்றாங்கன்னு டிக்கு போட்டிருந்துச்சுங்க. அந்த டிக்குதான் எங்கயோ போயி மார்க்காயி உங்க எக்ஸெல்ல வந்து உக்காருது. அந்தப் பொண்ணு பார்வை இன்னும் மறக்கலீங்க எனக்கு.

நொய்யல் ஆத்தை மாத்துனது பையரும் இல்ல ஃபண்டும் இல்லீங்க. ஒரத்துப்பாளையம் அணைல சாயத்தண்ணி நின்னு கீழ கரூர் வரைக்கும் தென்னையும் கெணறும் கெட்டுப் போச்சு, விவசாயிக கோர்ட்டுக்குப் போனாங்க, வருசக்கணக்கா கேஸ் நடத்துனாங்க. 2011 ஜனவரில ஐகோர்ட்டு எழுநூறுக்கு மேல பட்டறைய மொத்தமா மூடச் சொல்லிருச்சு. அதுக்கப்புறந்தான் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத் தண்ணிய வெளியவே விடாம இருக்கறது, நெஜமாவே வந்துச்சு, அரசும் வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. அந்த நாளுகள்ல வேலை இல்லாம ஊருக்கு ரயிலேறுன தொழிலாளிகளை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டங்கூட்டமா பாத்தோமுங்க, அதையும் யாராவது எழுதோணும்.

பாப்பா, உங்களுக்கு ஒரு துப்பு சொல்றேன். ஒரு பட்டறை ஜீரோ டிஸ்சார்ஜ் நெஜமா பண்ணுதான்னு தண்ணி நோட்டைப் பாத்தா தெரியாதுங்க, கரண்டு பில்லும் வெறகு பில்லும் பாருங்க. கழிவுத் தண்ணிய ஆர்ஓல விட்டு, மிஞ்சுன உப்புத் தண்ணிய எவாப்பரேட்டர்ல காச்சித்தான் உப்பா எடுக்கோணும். காச்சறதுக்கு ஆவி வேணும், ஆவிக்கு வெறகு வேணும். தண்ணிய சுத்திகரிச்சேன்னு நோட்டுல எழுதிக்கலாம், வெறகு லாரி வராம எப்படி காச்சுனீங்க? கடைசில உப்பு மூட்டை செட்டுல அடுக்கி இருக்கோணும். மூட்டைய எண்ணிப் பாருங்க.

ஆய்வுமேசை:
அண்ணா, உங்க பதிவை நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சுட்டு தூங்கவே இல்ல. ஏன்னா அந்த டேட்டா என்கிட்ட இருக்கு!

செபி 2021ல பிஆர்எஸ்ஆர்னு ஒரு படிவம் கொண்டு வந்துச்சு, 2022-23லருந்து சந்தைல முதல் ஆயிரம் கம்பெனிக்குக் கட்டாயம். அதுல ஆறாவது கொள்கை சுற்றுச்சூழல். எவ்வளவு தண்ணி எடுத்தீங்க, எவ்வளவு கரண்டு, எவ்வளவு எரிபொருள், ஜீரோ டிஸ்சார்ஜ் இருக்கா, எவ்வளவு கழிவு, எல்லாமே கம்பெனி தானே எழுதிக் குடுக்கணும். நான் இவ்வளவு நாள் இதை எல்லாம் கூட்டி ஸ்கோரா மாத்தறதைப் பத்தியே யோசிச்சேன். நீங்க சொல்ற மாதிரி ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பாக்கவே தோணல. ஜீரோ டிஸ்சார்ஜ்னு எழுதின கம்பெனில தண்ணிக்கு ஏத்த எரிபொருள் செலவு இருக்கா, உப்புக் கழிவு கணக்குல வருதான்னு பாக்கலாம். இன்னொண்ணு, 2023-24லருந்து முதல் 150 கம்பெனிக்கு சில அளவுகளை வெளியாள் வச்சு சரிபார்க்கணும்னு செபி ஆரம்பிச்சு படிப்படியா விரிவாக்கிட்டு வருது. சரிபார்த்த வருஷத்துல நம்பர் மாறுதான்னு பாத்தா அதுவே ஒரு அத்தியாயம்.

சட்டம் போட்டா என்ன ஆகும்னு இந்தியாவை வச்சே நல்ல ஆய்வு இருக்கு. 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவு, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவு பண்ணணும்னு சொன்னது. அந்த வரம்புக்குள்ள வந்த கம்பெனிகளோட பங்கு விலை சராசரியா 4.1 சதவீதம் இறங்கினதா மஞ்சிராஜு, ராஜகோபால் 2017ல காட்டினாங்க. அதை விட என்னைக் கஷ்டப்படுத்தினது தர்மபாலா, கன்னா எழுதினது. ஏற்கனவே 2 சதவீதத்துக்கு மேல மனசாரச் செலவு பண்ணிட்டு இருந்த பெரிய கம்பெனிகள், சட்டம் வந்ததும் 2 சதவீதத்தை நோக்கி இறங்கி வந்துட்டாங்க.

பழைய ஆடிட்டர்:
இதுதாம்மா தலைப்பு. கைடு "லாபத்தோட தொடர்பு எங்க"ன்னு கேப்பார். முதல்ல அளவு உண்மையான்னு பாத்துட்டுத்தான் அதோட பலனைப் பாக்கணும்னு சொல்லுங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. முதல் ஆயிரத்துல நொய்யல்கரை சொல்ற மாதிரி, அடுத்தவங்க துணிக்குக் கூலிக்கு சாயம் போடற ஜாப்வொர்க் பட்டறை ஒண்ணு கூட வராது, எல்லாம் லிஸ்ட் ஆகாத சின்ன யூனிட். பெரிய கம்பெனி சாயத்தை வெளிய குடுத்துட்டா அதோட பிஆர்எஸ்ஆர் பளிச்சுன்னு இருக்கும், அழுக்கு வேற ஒருத்தன் கணக்குல. சப்ளையர்களையும் சேர்க்கணும்னு செபி சொல்லிச்சு, அப்புறம் இப்போதைக்கு விருப்பப்பட்டா போதும்னு தளர்த்திடுச்சு. அதனால சொந்தமா ப்ராசஸிங் வச்சிருக்கற டெக்ஸ்டைல் கம்பெனிகளை மட்டும் தனியா எடுங்க, எண்ணிக்கை குறைஞ்சாலும் பரவால்ல. நூறு கம்பெனிக்கு மேலோட்டமா ஓட்டறதை விட பதினஞ்சு கம்பெனிய முழுசா படிங்க.

முத்துநகர்:
அந்த பதினஞ்சு கம்பெனி இருக்க ஊர்ல கோர்ட்டு கேசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நோட்டீசு எது இருக்குன்னு ஒரு காலம் போடுங்க தங்கச்சி. கம்பெனி எழுதினது ஒரு பக்கம், ஊர்க்காரங்க எழுதினது ஒரு பக்கம். ஆர்டிஐ போடணும்னா எப்படி எழுதணும்னு நான் சொல்லித் தாரேன், எங்ககிட்ட பழைய மனு நகல் நெறைய கெடக்கு.

ஆய்வுமேசை:
கண்டிப்பா வேணும் அண்ணா. திங்கள்கிழமை கைடைப் பாக்கறேன்.

நொய்யல்கரை அண்ணா, ஒரு ஆயிரம் லிட்டர் உப்புத் தண்ணிய காச்ச எவ்வளவு வெறகு ஆகும்? ஒரு நம்பர் கிடைச்சா எல்லா கம்பெனிக்கும் போட்டுப் பாத்துடலாம்.

நொய்யல்கரை:
ஒரே நம்பரா கேக்காதீங்க பாப்பா, அங்கதான் திரும்ப தப்பு நடக்கும். எவாப்பரேட்டர் எத்தனை அடுக்கு, வெறகு ஈரமா காஞ்சதா, ஆர்ஓல எவ்வளவு பிரிச்சாங்க, உப்பை திருப்பி சாயத்துக்கே எடுக்கறாங்களா, எல்லாத்துக்கும் மாறும். சிலரு வெறகே இல்லாம கரண்டுலயே ஓட்டற மெசினும் வச்சிருக்காங்க, அங்க வெறகு பில்லைத் தேடுனா ஒண்ணும் கெடைக்காது, நல்லா நடத்தறவனையே திருடன்னு எழுதிப் போடுவீங்க. நேர்ல வந்து மூணு நாலு எடம் பாத்துட்டு ஒரு வரம்பு வச்சுக்கோங்க, இதுக்குக் கீழ போனா சந்தேகம்னு.

சனிக்கெழமை வேண்டாமுங்க, சம்பள நாளு, யாரும் பேச மாட்டாங்க. செவ்வா இல்லாட்டி பொதன் வாங்க. எனக்குத் தெரிஞ்ச பாய்லர் ஆபரேட்டர் ஒருத்தரு இருக்காரு, இருபத்தஞ்சு வருச சர்வீஸு. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வெறகு எறங்குச்சுன்னு தன்னோட சொந்த டைரில எழுதி வச்சிருக்காரு. கம்பெனிக்காக இல்லீங்க, எறக்குக் கூலி கணக்குக்காக. முதல்ல அவரைப் பாருங்க.